நிலவு மண்ணுக்கு நடைச்சீட்டு எழுதப்போவது யார்?

பெறுநர்: விண்வெளித் துறைச் செயலர் அவர்கள், பெங்களூரு. விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரிகளும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே கொள்ள வேண்டுகிறேன்.

பொருள்: வானத்துக் கனிமங்களின் மீதான உடைமை – நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பரமத்தி வேலூர்ப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியன் எழுதுகிறேன். கனிமவளத் துறை அலுவலகங்களில் 28 ஆண்டுகள் கோப்பு தள்ளியவன். ராக்கெட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. லாரி பற்றித் தெரியும்.

எங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டியையும் குன்னமலையையும் தங்கள் துறை மறந்திருக்காது. நிலவின் மேட்டுப்பகுதிகளில் இருக்கும் அனார்த்தசைட் பாறை இங்கே காட்டு ஓரங்களில் சும்மா கிடக்கிறது. சந்திரயான்-2 இறங்குகலத்தையும் அதன் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போல ஒன்று தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் திருச்சி என்.ஐ.டி.யினரும் கைகொடுக்க, இந்தப் பாறையைத்தான் உடைத்து, பொடியாக்கி, பெங்களூருக்குக் கொண்டுபோனீர்கள். அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் வாங்கியிருக்கிறது. டீக்கடையில் இன்றைக்கும் பேச்சு வரும்: "நிலாவுல ஓடறதுக்கு முன்னாடி வண்டி நம்ம மண்ணுலதான் ஓடிப் பழகுச்சு."

நிலவைப் போன்ற மண்ணை ஒரு தனியார் எங்கள் ஊரில் அள்ள வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இடம் பட்டாவா புறம்போக்கா என்று வி.ஏ.ஓ. சான்று, புல வரைபடம், குத்தகை ஆணை, பணம் கட்டிய சலான், பிறகு லாரி ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் ஒரு நடைச்சீட்டு. நிலவின் மண்ணையே அள்ளி விற்க நம் நாட்டில் என்ன காகிதம் வேண்டும் என்று ஓய்வு நேரத்தில் தேடிப் பார்த்தேன். கிடைத்தது ஒரே ஒரு பத்தி.

அது 2023 ஏப்ரலில் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கையில் இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் சிறுகோள் வளத்தையோ பிற விண்வெளி வளத்தையோ வணிக நோக்கில் எடுக்கலாம். எடுத்ததை வைத்துக்கொள்ளவும், உடைமையாக்கவும், கொண்டுசெல்லவும், பயன்படுத்தவும், விற்கவும் அவற்றுக்கு உரிமை உண்டு. பொருந்தும் சட்டத்துக்கும் இந்தியாவின் சர்வதேசக் கடமைகளுக்கும் உட்பட்டு. இவ்வளவுதான். வேறெங்கோ படித்த நினைவு வரவே, அமெரிக்கா 2015-இல் இயற்றிய வணிக விண்வெளிச் சட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஐந்து வினைச்சொற்கள், அதே வரிசையில். என் சர்வீஸில் பக்கத்து மாவட்ட ஆணையை நகலெடுத்துவிட்டு, தாலுகா பெயரை மாற்ற மறந்துபோன கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே பெயரை மாற்ற மறக்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அமெரிக்காவில் அந்த வாக்கியம் காங்கிரஸ் வழியாக வந்து, 2015 நவம்பர் 25 அன்று ஒபாமா கையெழுத்திட்டுச் சட்டமானது. லக்சம்பர்க் 2017-இலும் ஜப்பான் 2021-இலும் தத்தம் நாடாளுமன்றத்தில் வைத்துத்தான் தங்கள் சட்டங்களை நிறைவேற்றின. நம்மிடம் இருப்பது கொள்கை ஆவணம். மக்களவையில் ஒரு உறுப்பினர்கூட எழுந்து திருத்தம் சொல்லாத வாக்கியம். 'பொருந்தும் சட்டத்துக்கு உட்பட்டு' என்கிறீர்கள். எந்தச் சட்டம்? விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு 2017-இல் கருத்துக் கேட்புக்கு வந்தது. அதற்குப் பிறகு அது சட்டமாகி நான் பார்க்கவில்லை. இல்லாத முளைக்குச்சியில் மாட்டைக் கட்டியிருக்கிறோம்.

நிலவில் இடத்தின் சங்கதி தெளிவானதுதான். 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, எந்த நாடும் நிலவையோ பிற வான்பொருளையோ தனதாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. எங்கள் துறை மொழியில் சொன்னால் வானம் முழுக்கப் புறம்போக்கு. இந்தச் சொல் இப்போது வசவாகிவிட்டது. அதன் பழைய பொருள் வேறு. தீர்வை விதிக்காமல் ஊருக்கென விட்ட இடம், மேய்ச்சலுக்கும் ஏரிக்கும் சுடுகாட்டுக்குமான இடம். அங்கே யாரும் பட்டா கேட்க முடியாது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதவர் குறைவு. நிலவுக்கு இப்போது சொல்லப்படும் வாதத்தின் சாரமும் அதுதான்: இடம் எவருக்கும் சொந்தமில்லை, அள்ளியது அள்ளியவருக்கு. அங்கே பகல் வெளிச்சத்திலேயே அள்ளலாம் என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு ஆதரவாக மீன் கதை சொல்வார்கள். ஆழ்கடல் யாருக்கும் சொந்தமில்லை, வலையில் விழுந்த மீன் வலைக்காரனுக்குச் சொந்தம். அதுபோலத்தான் நிலவின் பனிக்கட்டியும் என்று. முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எடுத்த பொருள் எடுத்தவர் உடைமையாகலாம் என்பதற்கு நடைமுறைச் சான்றே இருக்கிறது: சோவியத்தின் லூனா-16 கொண்டுவந்த மண்துகள்கள் மூன்று, 1993-இல் நியூயார்க் ஏலத்தில் 4,42,500 டாலருக்குத் தனிநபர் கைக்குப் போயின. எந்த நாடும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. மறுபாதிதான் உதைக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கும். நிலவின் துருவப் பள்ளங்களில் கிடக்கும் பனிக்கட்டி, கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலே படாத இருட்டில் சேர்ந்தது. அள்ளினால் அள்ளியதுதான். மீனுக்கே மீன்பிடித் தடைக்காலம் என்று 61 நாள் வைத்திருக்கிறோம்.

என்னை அதிகம் உறுத்துவது ராயல்டி. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி அல்ல என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கனிமத்தை எடுப்பதற்காகக் குத்தகைதாரர் குத்தகை கொடுத்தவருக்குத் தரும் ஒப்பந்தப் பணம் அது. மாநிலங்களுக்குப் பெரிய வெற்றி என்று எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது வேறொன்று தோன்றியது. ராயல்டி வாங்க ஓர் உடையவர் வேண்டும். நிலவுக்கு உடையவர் இல்லை. ஆகவே ராயல்டியும் இல்லை! எவரும் அபகரிக்கக் கூடாது என்பதற்காக எழுதிய பிரிவு, எவருக்கும் ஒரு பைசா தராமல் அள்ளிக்கொண்டு போக வழியாகிவிட்டது. பூமியில் எந்தச் சுரங்க முதலாளிக்கும் கிடைக்காத சலுகை இது. உள்ளூரில் கூழாங்கல் எடுப்பவர்கூடக் கட்டுகிறார்.

உடையவர் இல்லாத இடத்தில் உடையவரை உண்டாக்கிய முன்மாதிரி இருக்கிறது. அதில் இந்தியா வெகுநாளாகப் பங்காளி. ஆழ்கடல் தரையைச் சொல்கிறேன். 1982-ஆம் ஆண்டு கடற்சட்ட உடன்படிக்கை, நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடல் தரையை மனித குலத்தின் பொதுச் சொத்து என்றது. அதன் சார்பில் குத்தகை கொடுக்க ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஓர் ஆணையமும் அமைந்தது. முன்னோடி முதலீட்டாளராக 1987-இல் முதன்முதலில் பதிவான நாடு இந்தியா. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் கையில் இருக்கிறது. அங்கே ஆள் ஏற்றி இறக்க மத்ஸ்யா-6000 கலத்தைச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்துவருகிறது.

அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த விதி ஒன்று. கடல் தரையில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் கனிம முடிச்சுகளுக்காக விண்ணப்பிப்பவர் சம மதிப்புள்ள இரண்டு பரப்புகளை அளந்து காட்ட வேண்டும். ஆணையம் அதில் ஒன்றைப் பொதுவுக்கும் வளரும் நாடுகளுக்கும் என்று ஒதுக்கிக்கொள்ளும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பெரியவர்கள் செய்யும் தந்திரம்தான். பங்கு போடுகிறவன் ஒருவன், முதலில் எடுக்கிறவன் இன்னொருவன். கோணல் வரப்பு போட எவனுக்கும் மனம் வராது.

அது சீராக ஓடும் வண்டி என்று சொல்லமாட்டேன். 1994-இல் பணக்கார நாடுகளுக்காக அதன் பல்லைப் பிடுங்கினார்கள். கடற்சட்டத்தில் சேராத அமெரிக்கா, ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு தன் சொந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் கொடுக்க 2025 ஏப்ரலில் உத்தரவு போட்டது. இருந்தாலும் மீறுவதற்கென்றாவது அங்கே ஒரு வேலி இருக்கிறது.

நிலவுக்கும் அப்படி ஒரு வேலி போடப் பார்த்தார்கள். 1979-ஆம் ஆண்டு நிலவு ஒப்பந்தம், நிலவையும் அதன் வளங்களையும் மனித குலத்தின் பொதுச் சொத்து என்றது. சுரங்கம் சாத்தியமாகும் காலம் நெருங்கும்போது நாடுகள் கூடி விதிமுறை அமைக்க வேண்டும் என்றது. இந்தியா 1982-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா கையெழுத்தே போடவில்லை. பிறகு 2023 ஜூனில், நிலவுப் பயணங்களுக்கென அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். வளங்களை எடுப்பது தன்னளவில் நாட்டு அபகரிப்பு ஆகாது என்பது அதன் பத்தாம் பிரிவு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஆஸ்திரேலியாவும் மெக்சிகோவும்கூட இரண்டிலும் நிற்கின்றன என்பது சரி. ஆர்ட்டெமிஸில் சேர்ந்த சவூதி அரேபியா, நிலவு ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகல் கடிதம் கொடுத்து வெளியேறிவிட்டது. அது பிடிக்கிறதோ இல்லையோ, ஒரு முடிவு. நம்முடையது என்ன முடிவு? 1982-இல் போட்ட கையெழுத்துக்கு இன்று என்ன அர்த்தம் என்று அரசு ஒரு பக்கம் எழுதி அவையில் வைத்தால் என்ன?

ஆர்ட்டெமிஸில் 'பாதுகாப்பு மண்டலம்' என்று ஒன்று வருகிறது. ஒரு நாடு வேலை செய்யும் இடத்தைச் சுற்றி மற்றவர் வேலை இடையூறு ஆகாதபடி ஓர் எல்லையை அறிவித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அது நீங்கிவிடும். நியாயமான ஏற்பாடுதான், சமவெளியாக இருந்தால். ஆனால் நிலவில் நல்ல இடங்கள் குறைவு. பனிக்கட்டி இருக்கும் இருட்டுப் பள்ளமும், சூரியத் தகடுக்கு ஏறக்குறைய ஆண்டு முழுக்க வெயில் கிடைக்கும் விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் அமையும் இடங்கள் தென்துருவத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிணற்று மேட்டில் ஒருவன் 'தற்காலிகமாக' கொட்டகை போட்டால் தண்ணீர் யாருடையது? தற்காலிகக் கொட்டகைகள் பேரன் காலத்திலும் நிற்பதை ஆக்கிரமிப்பு வழக்குகளில் நிறையப் பார்த்தாயிற்று.

அந்தப் பனிக்கட்டிக் கதையைத் தொடங்கிவைத்ததில் நம் கை பெரியது. 2008-இல் போன சந்திரயான்-1-இல் இருந்த நாசா கருவிதான் நிலவுப் பரப்பில் நீரின் தடத்தைக் காட்டியது. துருவங்களில் பனிக்கட்டி வெளிப்பட்டுக் கிடப்பதாக 2018-இல் வந்த ஆய்வும் அதே தரவைக் கொண்டு செய்ததுதான். உலகத்துக்கு நாம் கொடுத்த ஊற்றுக்கண் வரைபடம் அது. வரைபடம் கொடுத்தவருக்குப் பங்குப் பேச்சில் ஓர் இருக்கை கேட்கத் தகுதி இல்லையா?

சரி, வியாபாரம் என்ன நிலையில் இருக்கிறது? சைக்கி என்ற சிறுகோளின் இரும்பு மதிப்பு, ஒன்றுக்குப் பின்னால் பத்தொன்பது சைபர் போட்ட டாலர் என்று பத்திரிகைகள் எழுதும். அவ்வளவு இரும்பைச் சந்தையில் கொட்டினால் கிலோ என்ன விலைக்குப் போகும் என்று தக்காளி விளைவிக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். உண்மைக் கணக்கு வேறு. பென்னு சிறுகோளிலிருந்து நாசா 2023-இல் கொண்டுவந்தது 121.6 கிராம், திட்டச் செலவு நூறு கோடி டாலருக்கு மேல். சிறுகோள் சுரங்கம் என்று முழங்கிக்கொண்டு வந்த பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம், பணம் தீர்ந்து 2018-இல் ஒரு பிளாக்செயின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அதில் பங்கு வாங்கிய லக்சம்பர்க் அரசுக்கு 1.2 கோடி யூரோ நட்டம். ஆஸ்ட்ரோஃபோர்ஜ் என்ற இன்னொரு சிறுகோள் சுரங்க நிறுவனம் 2025 பிப்ரவரியில் அனுப்பிய ஓடின் கலம் தொடர்பு அறுந்து போயிற்று. நிலவின் ஹீலியம்-3 என்ற அரிய வாயுவை வாங்க அமெரிக்க எரிசக்தித் துறை ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அளவு மூன்று லிட்டர். எங்கள் வீட்டுப் பால் தூக்கு அதைவிடப் பெரியது.

இவற்றுக்கெல்லாம் மேலே எனக்கு ஆச்சரியமாக இருந்த வியாபாரம் நாசாவுடையது. நிலவில் கொஞ்சம் மண்ணை அள்ளி, படம் எடுத்து, இருந்த இடத்திலேயே நாசா பெயருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று 2020-இல் ஒப்பந்தம் கோரினார்கள். லூனார் அவுட்போஸ்ட் என்ற நிறுவனம் ஒரு டாலருக்கு எடுத்தது. முன்பணம் பத்து சதவீதம், அதாவது பத்து சென்ட். அதற்குக் காசோலை எழுதிக் கொடுத்தார்கள். மண்ணுக்காக அல்ல, நிலவு மண்ணை விற்கலாம், வாங்கலாம் என்று ஒரு முன்னுதாரணத்தை உலகத்தின் முன் வைப்பதற்காக. அந்த நிறுவனத்தின் ஊர்தி போன கலம் 2025 மார்ச்சில் நிலவில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மண் அள்ளவில்லை, ஆனால் காகிதம் நிற்கிறது. குவாரித் தொழிலில் புரண்டவர்களுக்கு இது புரியும்: கல் உடைக்கும் முன்னால் ஃபைலை உடைக்க வேண்டும்.

'வியாபாரமே இல்லாத இடத்தில் சட்டத்துக்கு என்ன அவசரம்' என்று தங்கள் துறையில் யாரேனும் கேட்கக்கூடும். வியாபாரம் இல்லாததால்தான் அவசரம். இன்றைக்கு ஒரு பங்கு வை என்றால் எவருக்கும் வலிக்காது. ஒரு டன் பனிக்கட்டி எடுத்து விற்றுவிட்டால் அந்தப் பங்கை எதிர்த்து வாதாட வக்கீல் வந்துவிடுவார். மதுரைக் கிரானைட் விவகாரத்தில் மலைகள் போன பிறகுதான் 2014-இல் உயர் நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்தது. அவர் போய் எண்ணியது பெரும்பாலும் பள்ளங்களை.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். பூமியில் ஒரு சுரங்கம் வருவதற்கு முன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. பந்தல் போட்டு, டீ கொடுத்து, பாதிப் பேரை வேனில் கூட்டிவந்து நடக்கும் கூத்துதான் பல இடங்களில். ஆனாலும் ஒரு கிழவி எழுந்து "எங்க சாமி கல்லு அந்தப் பாறைலதான் இருக்கு" என்று சொன்னால் அது குறிப்பேட்டில் ஏறும், நானே ஏற்றியிருக்கிறேன். 2024 ஜனவரியில் ஒரு தனியார் கலம் மனித அஸ்தியை நிலவுக்கு எடுத்துச் சென்றபோது, நிலவைப் புனிதமாகக் கருதும் நவாஹோ பழங்குடி மக்களின் தலைவர் ஆட்சேபம் தெரிவித்தார். கலம் கோளாறாகித் திரும்பிப் பசிபிக் மேலே எரிந்துபோனது; அவர் சொன்னதை எந்தக் குறிப்பேட்டில் ஏற்றினார்கள்? மூன்றாம் பிறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சில்லறை எடுத்துக் கண்ணில் ஒற்றும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. நிலவைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்க ஓர் இடம் வேண்டும்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது: அந்தக் கொள்கை வாக்கியத்தை மசோதாவுக்குள் கொண்டுவந்து நாடாளுமன்றத்தில் வையுங்கள். உரிமை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கடமையையும் எழுதுங்கள். கனிமச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று கொண்டுவந்து, ராயல்டிக்கு மேலே ஒரு பகுதியைச் சுரங்கம் பாதித்த ஊருக்கு வைத்தோமே, அந்தப் புத்தியை வானத்துக்கும் கொண்டுபோகலாம். நம் நிறுவனம் எடுப்பதில் ஒரு விகிதம் பொது நிதிக்கு என்று இந்தியா தன் சட்டத்தில் தானே எழுதிக்கொண்டால், வியன்னாவில் அடுத்தவரைக் கேட்க வாய் இருக்கும். அங்கே ஐ.நா. பணிக்குழு விண்வெளி வளங்களுக்கான கொள்கைகளை 2027-இல் முன்வைக்க வேண்டியிருக்கிறது. நம் பிரதிநிதிகள் அங்கே என்ன பேசுகிறார்கள் என்பதை இங்கேயும் சொல்லுங்கள்.

அடுத்தது எடைமேடை. 1967 ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவுப்படி, தனியார் செய்வதற்கும் அரசே பொறுப்பு. அனுமதி கொடுத்தால் போதாது, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். நிலவின் தென்துருவத்தில் எடைமேடை வைக்க முடியாது. நிறுவனம் சொல்வதுதான் கணக்கு. ஒரே நடைச்சீட்டில் நாலு நடை அடித்த லாரிகளை நான் பார்த்திருக்கிறேன்; மூன்று யூனிட் என்று எழுதி ஆறு யூனிட் ஏற்றியதையும் பார்த்திருக்கிறேன். அது கண்ணெதிரே, நாமக்கல் ரோட்டில். யாருக்கு, எந்தப் பள்ளத்தில், எத்தனை கிலோவுக்கு உரிமம், எவ்வளவு எடுத்தார்கள் என்பதை எவரும் பார்க்கும்படி ஒரு பதிவேடு இருக்கட்டும். கலத்தின் கருவித் தரவை அரசுத் தணிக்கையாளர் நேரடியாகப் பார்க்க வழி இருக்கட்டும். 2,104 கோடி ரூபாய் செலவில் சந்திரயான்-4 கொண்டுவரப்போகும் மண்ணிலேயே இதைத் தொடங்கலாம். முதல் பதிவு அரசுடையதாகவே இருந்தால் தனியாருக்குச் சொல்ல எளிது.

நடைச்சீட்டு எப்படி அச்சடிப்பது என்று யோசனை வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். பழைய புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது.

இதனுடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு மனுவும் அனுப்பியிருக்கிறேன். ஒரே கேள்விதான்: அந்த ஐந்து வினைச்சொற்களைக் கொள்கையில் சேர்த்தபோது எந்தெந்த அமைச்சகங்களின் கருத்து கேட்கப்பட்டது, அந்தக் கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும். கட்டணம் 10 ரூபாய் கட்டிவிட்டேன். நாசா கொடுத்த முன்பணத்தைவிடச் சற்றே கூடுதல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கனிமவளத் துறை உதவியாளர் (ஓய்வு),
பரமத்தி வேலூர் வட்டம், நாமக்கல் மாவட்டம்.